மன்னிப்புப் பந்தி

ரீம் பேனாவின் மூடியைத் திரும்பவும் போட்டாள்.

அந்தச் சத்தத்தை நான் எதிர்பார்க்கவில்லை. நான் எதிர்பார்த்தது அவளுடைய கையெழுத்தை. உண்மையைச் சொன்னால், கையெழுத்துக்கு முன்னால் கொஞ்சம் பாராட்டையும் எதிர்பார்த்துக்கொண்டுதான் கதிரையில் சாய்ந்திருந்தேன்.

மாசி மாதத்துச் சனிக்கிழமை காலை. வாசலில் அவளுடைய சப்பாத்திலிருந்து பனி உருகி, கீழே வைத்த தட்டில் வடிந்துகொண்டிருந்தது. என் மனைவி சாந்தி இஞ்சித் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுப்படியில் லீக்ஸ் தண்டு வெட்டிக்கொண்டே காதை மட்டும் எங்கள் பக்கம் விட்டிருந்தாள்.

கடிதம் ஒன்றே கால் பக்கம். ஆங்கிலத்தில் நான் எழுதியது. இரண்டு நாள் லீவு போட்டு, ஐந்து தரம் திருத்தி, பிரின்டரில் மை முடியும் நேரம் பார்த்து அச்செடுத்தது. ரீம் வரிக்குக் கீழே விரலை வைத்து வாசித்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலம் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும்.

மூன்றாம் பந்தியில் அவளுடைய கண் கலங்கியது. எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. நான் எழுதியதை வாசித்து ஒருவர் அழுதால் எனக்கு வரும் சந்தோஷத்தை வெளியில் சொல்ல வெட்கம். இத்தனை வாரமாக என் மானத்தை இந்தப் பத்திரிகையில் எழுதி எழுதி ஏலம் போட்ட பிறகு அதையும் மறைப்பானேன்.

கடைசிப் பந்தியில் விரல் நின்றது. அதே வரியை மூன்று தரம் வாசித்தாள். பிறகுதான் அந்தப் பேனா மூடி.

"இது என்ன, அம்மோ?"

அம்மோ என்றால் அரபியில் சித்தப்பா. எங்களுக்கு இடையில் ஓடுவது பாதிப் பிரெஞ்சு, பாதி ஆங்கிலம், மிச்சம் கையசைவு. ஆனால் யார் எந்த மொழியில் கதைத்தாலும் என் மண்டைக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் போய் இறங்கும். ஆகவே இறங்கியபடியே எழுதுகிறேன்.

"அது கடைசிப் பந்தி. எல்லாக் கடிதத்திலயும் வாறது" என்றேன்.

"எதை மன்னிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறியள்?"

நான் கடிதத்தை எட்டிப் பார்த்தேன். அவள் விரலை அந்த வரியிலிருந்து எடுக்கவில்லை.

"பத்து மாதமா என்ர தம்பியில என்ன குற்றம் எண்டு அவங்கள் ஒரு வரி எழுதேல்லை. நீங்கள் எழுதிக் குடுத்திட்டியள்."

அவள் சத்தம் போடவில்லை. தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு, கடிதத்தை நாலாக மடித்து மேசையிலேயே விட்டுவிட்டு, சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அடுப்படியில் கத்திச் சத்தமும் நின்றிருந்தது.

யாரும் பார்க்க முடியாத கோப்பு

கனடாவில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் நாங்கள் இருக்கும் கட்டடத்துக்கு நாலு மாடி. நாங்கள் முதலாம் மாடி, ரீம் மூன்றாம் மாடி. வயது முப்பத்தாறு. இரண்டு பெண் பிள்ளைகள். சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் கார்டெரி ஒன்றில் வேலை. வாய்க்குள்ளேயே பாட்டு முணுமுணுத்துக்கொண்டு படியேறுவாள்.

போன வருடம் ஒரு நாள் முணுமுணுப்பு நின்றுவிட்டது. நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் இடத்தில் வைத்துத்தான் காரணத்தைச் சொன்னாள்.

அவளுடைய தம்பி வலீத், அங்கே ஊரில், நப்லூஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவன். ஒரு விடியற்புறம் இஸ்ரேலிய இராணுவம் வந்து கூட்டிக்கொண்டு போனது. வழக்கு இல்லை. குற்றப்பத்திரம் இல்லை. ஒரு தளபதி கையெழுத்து வைத்த தாள் ஒன்றுதான் இருந்தது. ஆறு மாதம் தடுத்து வைக்க உத்தரவு என்று அதில் எழுதியிருந்தது. காரணம் ஒரு இரகசியக் கோப்பில் இருக்கிறதாம். அந்தக் கோப்பை நீதிபதி பார்க்கலாம். வலீத் பார்க்க முடியாது, அவனுடைய வழக்கறிஞரும் பார்க்க முடியாது.

இதற்கு நிர்வாகத் தடுப்பு என்று பெயர். ஆறு மாதம் முடிந்ததும் இன்னொரு தாள் வரலாம். அது முடிந்ததும் இன்னொன்று. எத்தனை தரம் என்று ஒரு கணக்கும் கிடையாது. வலீதுக்கு ஆறு மாதம் முடிந்த அன்று அவனுடைய தாய் கோழி சமைத்து வைத்துக் காத்திருந்தார். அன்று வந்தது இன்னும் நாலு மாதத்துக்கான தாள். வீட்டாருக்குப் போய்ப் பார்க்கவும் அனுமதி இல்லை.

இதையெல்லாம் ரீம் சொல்லச் சொல்ல நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். ஆறுதல் சொல்கிற தலையாட்டல் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது அனுபவஸ்தரின் தலையாட்டல். அவள் முடித்ததும், "நானும் இப்பிடி இருந்தனான். பதினாலு மாதம்" என்று தொடங்கி, உடுப்புக் காயவைக்கும் யந்திரம் நிற்கும் வரை ஒரு வகுப்பே எடுத்தேன். பாவம், அவளுடைய பிள்ளைகளின் காலுறைகள் என் வகுப்பு முடியும் வரை கூடையில் ஈரமாகக் கிடந்தன.

தை முடியும் நேரம் அவள் கீழே வந்து கதவைத் தட்டினாள். இரண்டாவது தாள் இன்னும் சில வாரத்தில் முடிகிறது. மூன்றாவது தாள் எழுதப்படுவதற்கு முன் அந்தத் தளபதிக்குக் குடும்பத்திடமிருந்து ஒரு கடிதம் வேண்டும், கனடாவிலிருந்து வந்தால் நல்லது, எங்கள் பகுதி எம்.பி.க்கும் ஒரு பிரதி போகட்டும் என்று அங்கேயுள்ள வழக்கறிஞர் கேட்டிருக்கிறார். ஆங்கிலத்தில் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

"நீங்கள்தானே வடிவா எழுதுவியள்" என்றாள்.

அவ்வளவுதான். அதன் பிறகு என்னைப் பிடிக்க ஆள் இல்லை.

வீட்டுக்காரனுக்கு நான் எழுதிய காவியம்

என் ஆங்கிலத்தின் புகழ் எங்கள் கட்டடத்துக்குள் பரவிய கதையைச் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று குளிர்காலத்துக்கு முன் வீடுகளில் சூடு வரவில்லை. எல்லாரும் கூடி, வீட்டுச் சொந்தக்காரருக்கு ஒரு கடிதம் எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். நானும் எழுதினேன். வாடகைச் சட்டத்தை எல்லாம் தொட்டுக்காட்டி, கடைசியில் என்னை அறியாமலே ஒரு வரி விழுந்துவிட்டது. நாங்கள் குளிரில் நடுங்குவதால் தங்களுக்கு ஏற்படும் அசௌகரியத்துக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துக்கொள்கிறோம்.

பதினெட்டு வீட்டாரும் அதில் கையெழுத்து வைத்தார்கள். ஒருவரும் கடைசி வரி வரைக்கும் வாசிக்கவில்லை. வீட்டுச் சொந்தக்காரர் வாசித்தார். இப்படி எழுதியவரைப் பார்க்க வேண்டும் என்று அவரே நேரில் வந்தார். இரண்டு நாளில் சூடும் வந்தது.

சூட்டைக் கொண்டுவந்தது என் பணிவுதான் என்று நான் இன்று வரை சொல்லித் திரிகிறேன். கொதிகலனுக்குப் புது வால்வு போட்ட மனிதருக்கு வேறு அபிப்பிராயம் இருக்கக்கூடும்.

அப்பாவின் அச்சு

இந்த வியாதி எனக்கு வந்தது அப்பாவிடமிருந்து. அவர் யாழ்ப்பாணக் கச்சேரியில் அரசாங்கக் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் இளம் பெடியளை இராணுவம் பிடிக்கத் தொடங்கிய காலத்தில் எங்கள் வீட்டுக்குச் சனம் வரத் தொடங்கியது. எல்லாரும் தாய்மார். எல்லாருக்கும் வேண்டியது ஒரு பெட்டிசம். பெட்டிசம் என்றால் மனுதான். ஆனால் மனு என்று சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் அழுகை வராது.

அப்பாவின் பெட்டிசத்துக்கு ஓர் அச்சு இருந்தது. முதல் பந்தி பணிவு. இரண்டாம் பந்தி, பிள்ளை பிடிபட்ட நாளும் இடமும் உடுத்தியிருந்த சாரத்தின் நிறமும். மூன்றாம் பந்தி குடும்பத்தின் கஷ்டம். அதில் தகப்பனுக்கு எப்போதும் ஈளை இழுப்பு இருக்கும், கல்யாண வயதில் ஒரு தங்கையும் இருப்பாள். கடைசிப் பந்தி மன்னிப்பு. மேற்படி மகன் அறிந்தோ அறியாமலோ ஏதேனும் பிழை செய்திருப்பின், அவனுடைய இளவயதைக் கருதி மன்னித்து விடுதலை செய்யுமாறு தாழ்மையுடன் இரந்து கேட்கிறேன்.

அந்தப் பந்தி இல்லாமல் யாரும் பெட்டிசம் எழுதியதை நான் பார்த்ததில்லை. முகவரி எழுதுவது போல, முத்திரை ஒட்டுவது போல அதுவும் ஒரு காரியம். பிள்ளை ஒன்றும் செய்யவில்லை என்று இரண்டாம் பந்தியில் சத்தியம் செய்துவிட்டு, நாலாம் பந்தியில் செய்ததை மன்னியுங்கள் என்று கேட்பதில் ஒருவருக்கும் ஒரு முரண்பாடும் தெரியவில்லை. தாய்மார் கைநாட்டு வைத்துவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள்.

அந்த அச்சைத்தான் நான் இத்தனை வருடம் கழித்து, கடல் கடந்து வந்து, வலீதின் தலையில் கவிழ்த்து வைத்திருந்தேன். நோயைக்கூட விடவில்லை. ரீமின் தகப்பன் செத்து ஒன்பது வருடம் என்று தெரிந்ததால், ஈளைக்குப் பதிலாக மூட்டுவலியைத் தாய்க்குக் கொடுத்திருந்தேன்.

என்னுடைய பிரபலமான கதை

என்னைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதையும் தெரிந்திருக்கும். பிறந்தநாள் விழாக்களில், இரண்டாவது கிளாசுக்குப் பிறகு, "அண்ணை, அந்தக் கதையைச் சொல்லுங்கோ" என்று யாராவது தொடங்கி வைப்பார்கள். நானும் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுச் சொல்லுவேன்.

கொழும்பில் ஒரு லொட்ஜில் வெளிநாட்டு ஏஜென்சிக்காரனைக் காத்துக்கொண்டு கிடந்தபோது என்னைப் பொலிஸார் பிடித்தார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தாள் வரும், அது முடிய இன்னொரு தாள் வரும். ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் முதல் சில மாதத்துக்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டேன்.

பதினாலாவது மாதம் ஒரு காலையில் கூப்பிட்டார்கள். பெரிய அதிகாரி பணிஸ் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். முன்னால் ஒரு கடிதம் கிடந்தது. அப்பாவின் எழுத்து என்று தலைகீழாகப் பார்த்தே தெரிந்துகொண்டேன். "உன்ர தகப்பன் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். நல்ல ஆங்கிலம். நாங்கள் மன்னிச்சிட்டம். போ" என்றார்.

இந்த இடத்தில் நான் கதையை நிறுத்தி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்ப்பேன். பிறகு, "நான் என்ன சொன்னனான் தெரியுமோ? தாங்க் யூ வெரி மச், சேர்" என்று குனிந்து காட்டுவேன். கதவடிக்குப் போனவன் திரும்பி வந்து, விட்டுவிட்டுப் போன செருப்பை எடுக்க அனுமதி கேட்டதையும் நடித்துக் காட்டுவேன். மண்டபம் அதிரும். ஆற்றுக்கு அக்கரையிலுள்ள புரோசார்ட்டில் ஒரு முறை ஒருவர் சிரித்துச் சிரித்துப் பொரித்த மீன் புரையேறி, முதுகில் குத்த வேண்டி வந்தது.

காய்ச்சல்

அந்தச் சனிக்கிழமை முழுவதும் நான் சாந்தியிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். உதவி செய்யப் போனால் இதுதான், அனுபவம் இல்லாத ஆட்கள், இப்படி எத்தனை பேரை வெளியில் எடுத்திருக்கிறோம் என்றெல்லாம்.

"ஆரை எடுத்தனீங்கள்?" என்றாள் சாந்தி.

"என்னையே எடுத்தது அந்தப் பந்திதான்."

"அது உங்கட அப்பா எழுதினது. நீங்கள் எழுதினது ஹீட்டருக்கு." லீக்ஸ் வறையை என் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டாள். "உங்கட இங்கிலிசில பிழை சொன்னா மட்டும் உங்களுக்குக் காய்ச்சல் வரும். அந்தப் பிள்ளையின்ர தம்பி உள்ளுக்குக் கிடக்கிறான். நீங்கள் என்னெண்டால் பாஸோ பெயிலோ எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறியள்."

இருபது வருடம் டவுன்டவுன் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவி, இப்போது அதே உணவகத்தில் மரக்கறி ஓடர் கொடுக்கும் உத்தியோகத்துக்கு உயர்ந்தவன் நான். என் வாழ்க்கையில் நான் சான்றிதழ் எதிர்பார்த்த ஒரே இடம் அந்தக் கடிதம்தான். சாந்தி சொன்னது அவ்வளவும் சரி. அதனால்தான் கோபம் கூடியது.

வறையை முடிக்காமல் எழும்பினேன். எனக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது.

அக்கா சொன்னது

என் கூடப்பிறந்த திலகா அக்கா புரோசார்ட்டில் மகனோடு இருக்கிறார். நான் உள்ளே இருந்த அந்தப் பதினாலு மாதமும் அப்பாவோடும் அம்மாவோடும் ஊரில் இருந்தவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை போனேன். அந்தப் பந்திதான் என்னை வெளியில் கொண்டுவந்தது என்று அவருடைய வாயால் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு வந்து, முதலில் சாந்தியிடமும் பிறகு ரீமிடமும் கொடுக்க வேண்டும். இதுதான் திட்டம்.

அக்கா உழுந்து களைந்துகொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொல்லி முடித்தேன்.

"அப்பா உனக்கு எத்தினை பெட்டிசம் எழுதினவர் எண்டு தெரியுமோ?"

"ஒண்டு. நான் பாத்தனானே."

"பத்து." உழுந்துத் தண்ணீரை ஊற்றினார். "ஒன்பதிலயும் அந்தப் பந்தி இல்லை."

எனக்கு விளங்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் எழுதியவர் அல்லவா என்று கேட்டேன்.

"ஊர்ப் பிள்ளையளுக்கு எழுதினவர். உனக்கு எழுத மாட்டன் எண்டு நிண்டவர். என்ர பிள்ளை என்ன செய்தவன் எண்டு முதல்ல அவங்கள் சொல்லட்டும், பேந்து நான் மன்னிப்புக் கேக்கிறன் எண்டு. மாதத்துக்கு ஒண்டு அனுப்புவார். ஒரு பதிலும் வராது. அம்மா சாப்பிடாமல் கிடந்தவ. கடைசியில அம்மாதான் கேட்டவ, ஊராற்ற பிள்ளையளுக்கு நீட்டின கை உங்கட பிள்ளைக்கு நீளாதோ எண்டு."

"அதுக்குப் பிறகு எழுதினவரோ?"

"எழுதினவர். எழுதி முடிச்சுப்போட்டுக் கிணத்தடியில போய் நிண்டவர். ரெண்டு மாதத்தில நீ வந்தனீ."

அதன் பிறகு அப்பா யாருக்கும் பெட்டிசம் எழுதவில்லை. அது எனக்கும் தெரியும். கண் பார்வை குறைந்துவிட்டது என்று வருகிற தாய்மாரிடம் சொல்லி அனுப்புவார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

"கண்ணுக்கு ஒண்டுமில்லை. சாகிற கிழமை வரைக்கும் கண்ணாடி இல்லாமல் பேப்பர் வாசிச்ச மனிசன்" என்றார் அக்கா.

நான் விடுதலையாகி வீட்டுக்கு வந்த அன்று, அதிகாரிக்குத் தாங்க் யூ சொன்ன கதையை முதன்முதலாகச் சொல்லிச் சிரிக்க வைத்தது அப்பாவைத்தான். அவர் சிரித்ததாகத்தான் எனக்கு ஞாபகம். இப்போது யோசித்துப் பார்த்தால் அம்மாவும் அக்காவும் சிரித்தார்கள். அப்பா எழும்பி உள்ளே போய்விட்டார். புரோசார்ட்டில் அக்காவின் குசினியில் எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. அக்கா கையைத் துடைத்துவிட்டுத் தலையைத் தடவினார்.

மூன்றாம் மாடியில்

திரும்பி வரும் வழியெல்லாம் இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. ஒன்பது தரம் மன்னிப்புக் கேட்காமல் எழுதி ஒன்றும் நடக்கவில்லை. பத்தாவது தரம் கேட்டு எழுத, நான் வெளியில் வந்தேன். இது ரீமுக்குத் தெரிய வேண்டாமா? சொல்லாமல் விட்டு, அந்த வரி இல்லாமல் கடிதம் போய், அவன் இன்னும் வருடக்கணக்கில் உள்ளே கிடந்தால்? சொல்லி, அவள் தன் மனதுக்கு மாறாகக் கையெழுத்து வைத்தால்? எதைச் செய்தாலும் பிழைக்கிற இடத்தில் வந்து நிற்பதில் எனக்குத் தனித் திறமை உண்டு.

படியேறிப் போய்த் தட்டினேன். நேற்றையதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன். அது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும் என்று அவளுக்கும் தெரியும், கொஞ்சம் சிரித்தாள். பிறகு அக்கா சொன்னதை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன்.

"அப்ப அந்த வரிதான் உங்களை விட வைச்சதோ?"

"தெரியாது. அதே கிழமை இன்னும் கொஞ்சப் பேரை விட்டவங்கள். அவையளில சில பேருக்குப் பெட்டிசம் எழுத வீட்டில ஒருத்தரும் இல்லை."

தன் தம்பிக்கு நாலு வயதில் ஒரு மகள் என்றாள். அந்தப் பிள்ளை தகப்பனின் குரலைக் கேட்டுப் பத்து மாதம். இதை எனக்குச் சொன்னாளா, தனக்கே சொன்னாளா தெரியாது. பிறகு போனை எடுத்தாள்.

"அம்மாவைக் கேட்பம்."

திரையில் ஒரு நெற்றியும் வெள்ளைத் துணியின் விளிம்பும் தெரிந்தன. எங்கள் ஆட்களைப் போலத்தான், போனை எங்கே பிடிப்பது என்று அந்தத் தாய்க்கும் பிடிபடவில்லை. ரீம் அரபியில் எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் நான் குனிந்து வணக்கம் சொன்னேன். குனிவதற்கு எனக்கு எப்போதும் ஆயத்தம்.

தாய் கேட்டார். ரீம் எனக்குச் சொன்னாள்.

"எவ்வளவு காலம் இருந்தனீங்கள் எண்டு கேக்கிறா."

"பதினாலு மாதம்."

"ஏன் எண்டு சொன்னவங்களோ?"

"இல்லை."

"பிறகு மன்னிச்சிட்டம் எண்டு சொன்னவங்களோ?"

"ஓம்."

திரையில் நெற்றி அசைந்தது. ஒரு முழு முகம் வந்தது. அந்த அம்மா என்னை நேராகப் பார்த்து ஏதோ கேட்டார். தாய் இன்னொரு தரம் சொன்ன பிறகுதான் ரீம் சொன்னாள்.

"எதை மன்னிச்சவங்கள் எண்டு கேக்கிறா. இவ்வளவு காலத்தில ஆராவது உங்களுக்குச் சொன்னவையோ எண்டு."

முப்பது வருடத்துக்கு மேலாக அந்தக் கதையைச் சொல்லி வந்தவன் நான். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குனிய வேண்டும் என்று எல்லாம் பாடம். இந்தக் கேள்வியை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. நான் பழக்கத்தில் சிரித்தேன். அந்த அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

"இல்லை அம்மா" என்றேன். "ஒருத்தரும் சொல்லேல்லை."

அவர் தலையாட்டினார். பிறகு ரீமிடம் சுருக்கமாக இரண்டு வசனம் சொன்னார். கடைசிப் பந்திக்கு அதுதான் வேண்டும் என்றார். ரீம் சொல்லச் சொல்ல, தாயின் சொல்லாகவே நான் ஆங்கிலத்தில் எழுதினேன். என் மகனை விடுங்கள். இல்லையென்றால் அவன் என்ன செய்தான் என்று சொல்லுங்கள்.

தயவுசெய்து என்று ஒரு சொல்லைச் சேர்க்க என் கை துடித்தது. ரீம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்ததால் சேர்க்கவில்லை. மூட்டுவலியையும் எடுத்துவிட்டோம். அந்த அம்மா தினமும் மலையேறி இறங்குகிறவராம்.

ரீம் கையெழுத்து வைத்தாள்.

தாள்

கடிதம் வெள்ளிக்கிழமைக்கு முன்பே போய்விட்டது. எம்.பி.யின் அலுவலகத்திலிருந்து, கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது. தளபதியிடமிருந்து பதில் இல்லை. நாள் முடிந்த அன்று மூன்றாவது தாள் வந்தது. இன்னும் நாலு மாதம். காரணம் எழுதவில்லை.

செய்தி வந்த அன்று பின்னேரம் ரீம் கீழே இறங்கி வந்தாள். நான் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வரியை விட்டதால்தானோ என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை, என் முகத்தில் அது எழுதியிருந்திருக்க வேண்டும்.

"அந்த வரியோட அனுப்பியும் நீட்டியிருந்தாங்கள் எண்டால், நான் இண்டைக்கு அம்மாவுக்கு என்ன சொல்லுவன்?" என்றாள்.

சாந்தி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். இந்தத் தரம் ரீம் குடித்தாள். பிறகு வழக்கறிஞர் சொல்லி அனுப்பியதைச் சொன்னாள். உத்தரவை நீதிபதி உறுதி செய்த அன்று வலீதை ஒரு திரையில் காட்டினார்களாம். மிகவும் மெலிந்துபோய் இருந்தானாம். வழக்கறிஞருக்கு அவனோடு கதைக்கக் கிடைத்தது இரண்டு நிமிடம். உன்ர அக்கா கனடாவிலிருந்து தளபதிக்குக் கடிதம் எழுதினவ என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்.

அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டானாம்.

"மன்னிப்பு ஏதும் கேட்டவவோ எண்டு கேட்டவன்" என்றாள் ரீம்.

"லோயர் என்ன சொன்னவர்?"

"இல்லை எண்டு சொன்னவர். அப்ப சரி எண்டு சொன்னவனாம். நேரம் முடிஞ்சு திரையை நிப்பாட்டிப்போட்டாங்கள்."